பாலத்தையும் எண்ணிவிட்டு அனுமதி கொடுங்கள்: கும்பகோணம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், நகரமைப்புப் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு நம் ஊர் 2021-இல் மாநகராட்சியானது. திருமண மண்டபம், ஜவுளிக்கடை, மருத்துவமனை, அடுக்ககம் என்று பெரிய கட்டடங்களுக்கான விண்ணப்பங்கள் இனி கூடுமே தவிரக் குறையப் போவதில்லை. வாகனங்களை மிகுதியாக இழுக்கக்கூடிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதிக்கு முன்பே போக்குவரத்துத் தாக்க ஆய்வு, அதாவது அந்தக் கட்டடத்தால் சுற்றுச் சாலைகளில் எவ்வளவு வண்டிகள் கூடும், அதை அவை தாங்குமா என்ற கணிப்பு, கேட்டு வாங்க வேண்டும் என்பதும், அந்த ஆய்வுக்கான வாகனக் கணக்கெடுப்பை எந்த இடத்தில், எந்த நாளில் எடுக்க வேண்டும் என்பதை விண்ணப்பதாரரின் ஆலோசகரிடம் விட்டுவிடாமல் நீங்களே வகுத்துத் தர வேண்டும் என்பதும் இம்மடலின் கோரிக்கை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, மனைக்கு முன்னால் உள்ள சாலை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வளாகத்துக்குள் எத்தனை வண்டிகளுக்கு இடம் விட வேண்டும் என்று சொல்கின்றன. இரண்டும் தேவையானவைதான். ஆனால் இரண்டும் வாசலோடு நின்றுவிடுகின்றன. நம் ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. திருப்பனந்தாள் பக்கமிருந்து வருபவர் காவிரியையும் வலங்கைமான் பக்கமிருந்து வருபவர் அரசலாற்றையும் ஏதோ ஒரு பாலத்தின் வழியாகக் கடந்தே ஊருக்குள் வர முடியும் என்பதால், நகரின் நடுவே எழும் ஒரு கட்டடத்தின் சுமை அதன் வாசலில் தெரியாமல், தொலைவில் இருக்கும் பாலத்தின் முனையில் தெரியக்கூடும். மனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் சந்திப்புகளை மட்டும் எண்ணும் முறை, எல்லாத் திசையிலும் சாலை விரிந்து கிடக்கும் ஊருக்குப் பொருந்தலாம். இரண்டு ஆறுகளுக்கு இடையில் இருக்கும் ஊருக்குப் பொருந்தாது. கட்டடத்துக்கு வருவோர் கடக்க வேண்டிய பாலங்களும் அவற்றின் இருமுனைச் சந்திப்புகளும் ஆய்வின் எல்லைக்குள் கட்டாயம் வர வேண்டும்.

அடுத்தது, எண்ணும் நாள். மண்டபத்துக்கான கணக்கை ஆடியிலோ மார்கழியிலோ எடுத்தால் சாலை காலியாகத்தான் தெரியும். அதே ஆடி, தள்ளுபடி விற்பனை நடத்தும் ஜவுளிக்கடைக்கு உச்சக்கட்டம். மண்டபத்தின் உண்மையான சோதனை தை மாத முகூர்த்த நாளில் இருக்கிறது; சம்பா அறுவடை நெல்லை ஏற்றிக்கொண்டு டிராக்டர்களும் லாரிகளும் கொள்முதல் நிலையங்களுக்கு ஓடுவதும் அந்தப் பருவத்தில்தான். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நகரச் சாலைக் கொள்ளளவு வழிகாட்டுதலின்படி, டிரெய்லர் பூட்டிய ஒரு டிராக்டர் 4 முதல் 5 கார்களுக்குச் சமம். பேருந்தோ லாரியோகூட 2.2 முதல் 3.7 கார்களுக்குத்தான் சமம். டெல்டாவில் அறுவடையை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு முழுக் கணக்காகாது.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு அட்டவணையை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். போக ஒன்று, வர ஒன்று என இரு தடம் உள்ள சாலையின் கொள்ளளவு, ஓரத்தில் வண்டிகள் நிற்காத, கடைவாசல்கள் திறக்காத பெருஞ்சாலையாக இருந்தால் மணிக்கு 1500 கார் அலகுகள் (எல்லா வண்டிகளையும் இப்படிக் கார்க் கணக்குக்கு மாற்றிக் கூட்டிய எண்). வண்டிகள் நிற்கும், கடைகள் திறக்கும், ஆட்கள் குறுக்கே கடக்கும் தெருவாக இருந்தால் 900. அகலம் ஒன்றே, கொள்ளளவில் 600 வித்தியாசம். நம் கடைவீதிகள் எந்த வகை என்பதற்கு ஆய்வாளர் தேவையில்லை. ஆனாலும் ஓர் அறிக்கையில் 1500 என்று எழுதிவிட்டால், புதிய கட்டடத்தின் வண்டிகளைச் சேர்த்த பிறகும் சாலையில் இடம் மிச்சமிருப்பதாகக் கணக்கு காட்டிவிடும். அறிக்கை கைக்கு வந்ததும் இந்த ஓர் எண்ணை முதலில் தேடுங்கள்.

வளாகத்துக்குள் காட்டப்படும் வண்டி நிறுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தம். முகூர்த்தத்தன்று அங்கே பந்தி நடக்கும், பின்புறத்தில் சமையல் கொட்டகை போட்டிருப்பார்கள். வாழைமரம் கட்டிய வாசலில் காரை நிறுத்தி, பெரியவர்களைக் கைத்தாங்கலாக இறக்கி, சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் ஒரு நகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே வளாகத்துக்குள்ளேயே ஆட்களை இறக்கிவிட்டு வெளியேறும் வழி இருப்பதையும், வண்டி நிறுத்தம் வேறு எதற்கும் பயன்படாததையும் அனுமதியின் நிபந்தனையாக்கி, திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு முகூர்த்த நாளில் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்தினால் சரியாகிவிடும் என்று ஓர் அறிக்கை முடியுமானால், எங்கே என்று கேளுங்கள். ஒரு பக்கம் கோயில் மதில், மறுபக்கம் வாய்க்கால் என்று இருக்கும் தெருவில் அந்தப் பரிந்துரைக்கு அர்த்தமில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கட்டடமும் பெரிய தொல்லையாகத் தெரியாது. ஒவ்வோர் அறிக்கையும் 'கூடுதல் சுமை சொற்பமே' என்று முடியும். அந்தச் சொற்பங்கள் எல்லாம் ஒரே பாலத்தில் ஏறும். எனவே அனுமதி பெற்று இன்னும் கட்டி முடிக்கப்படாத கட்டடங்களின் சுமையையும் பாலவாரியாக ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, புதிய விண்ணப்பத்தை அதன்மேல் கூட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பதிவேடும் அதை நாள்தோறும் எழுதும் ஒருவரும் போதும்.

2028 மகாமகத்துக்கான போக்குவரத்துத் திட்டம் எப்படியும் தீட்டப்படும். பாலங்களிலும் சந்திப்புகளிலும் அதற்காக எடுக்கப்படும் கணக்கை இந்தப் பதிவேட்டின் முதல் பக்கமாக வைத்துக்கொண்டால் தனிச்செலவும் இல்லை. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறும், தாக்க ஆய்வறிக்கைகளை அனுமதிக்கு முன்பே தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் வரி செலுத்தும் குடிமகன் ஒருவன்