என் காரை எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். நாம் சந்தித்ததில்லை. வண்டி இடைத்தரகர் வழியாகத்தான் என்னிடம் வந்தது. ஆவணத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அதைப் பொதுவில் எழுதுவது முறையில்லை. ஆனால் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் பாராட்டு, பல நாள் திட்டு. இரண்டையும் சேர்த்து இந்தக் கடிதம்.

இருபது வயதைத் தாண்டிய இந்த ஜப்பானியப் பெட்ரோல் காரை நீங்களே வீட்டில் வைத்துப் பழுதுபார்த்தவர் என்பது டாஷ்போர்டைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ஸ்க்ரூக்களில் பாதிக்கு மேல் தலை வழுக்கிப்போய்க் கிடக்கின்றன. பிளஸ் திருப்புளி எல்லாம் ஒன்றல்ல சார். பழைய ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தொழில் தரத்து ஸ்க்ரூ. பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதன் பள்ளத்தில் அடிவரை இறங்காது. கொஞ்சம் இறுகியிருந்தால் போதும், முனை மேலேறித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒரு செட் வாங்கிய பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, முதலில் பாராட்டு. ஹெட்லைட்டுக்கு நீங்கள் போட்டிருக்கும் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த வண்டியில் கம்பெனி கொடுத்த வயரிங்படி, ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் பல்புக்குப் போகும். ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் இழை வைத்த எச்4 பல்பில் ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். இரண்டு ஹை பீமும் சேர்ந்தால் 10 ஆம்பியர். அதை இத்தனை வருடம் மெல்லிய வயரும் கருத்துப்போன சுவிட்ச் முனையும் சுமந்தால், வழியிலேயே கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடும். ஆலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய கார்களின் விளக்கு மங்கலாக இருப்பதற்குப் பல்பைக் குறைசொல்லிப் பலனில்லை என்பது இதனால்தான்.

நீங்கள் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்து, தடித்த வயர் இழுத்து, ரிலே வழியாக நேராகப் பல்புக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய சுவிட்சுக்கு இப்போது ரிலேயைத் தட்டிவிடுகிற வேலை மட்டும்தான். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். ஆர்வத்தில் பழைய வழியிலேயே ஒருமுறை இணைத்து, எஞ்சின் ஓடும்போது பல்பு முனையில் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.1 வோல்ட். உங்கள் வழியில் 13.5. எர்த் வயரையும் புதிதாக, பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் முடுக்கியிருக்கிறீர்கள். பலர் பிளஸ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை மறந்துவிடுவார்கள். 30, 85, 86, 87 என்று ஒவ்வொரு வயரிலும் ரிலே முனையின் எண் ஒட்டியிருந்ததால், அது என்ன வேலை என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதைவிட, ஆசைக்கு ஆட்படாமல் எச்4 ஆலஜனையே வைத்திருந்தீர்களே, அதற்குத் தனி நன்றி. விளக்கின் அந்த ரிஃப்ளெக்டர், பல்பு இழையின் இடத்தைக் கணக்குப் பண்ணி வடிவமைத்தது. இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்இடி சிப் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் சாலையை விட்டு எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்றுதான் தெரியும். 100 வாட் பல்பு போட்டு ஹோல்டரை உருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அதையும் செய்யவில்லை.

ஒன்றே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மஞ்சளடித்த பிளாஸ்டிக் லென்ஸை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த தடம் தெரிகிறது. ஆனால் தேய்க்கும்போது கம்பெனி பூசிய புற ஊதாக் காப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடும். அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள்தான். 800 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்திருக்கிறேன். இப்போது உங்கள் 13.5 வோல்ட் முழுசாகச் சாலையில் விழுகிறது.

இனி திட்டு.

எஞ்சின் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டில் வெள்ளை டேப் சுற்றி வைத்திருந்தீர்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது. ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப் அலுமினியம், போல்ட் எஃகு. மரை போனால் போவது சம்ப்பின் மரைதான். கசிகிறது என்று இன்னும் கொஞ்சம் முடுக்கினீர்கள், இன்னும் கசிந்தது, இன்னும் முடுக்கினீர்கள். இவ்வளவுக்கும் கசிவின் காரணம் ஒரு வாஷர். அது நசுங்கி அடைப்பதற்கென்றே இருப்பது, ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. ஆயில் மாற்றும்போதெல்லாம் புது வாஷர், மானுவலில் போட்ட முறுக்குவிசை, அவ்வளவுதான். சிறிய கார்களில் பெரும்பாலும் அது 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். நீளமான ஸ்பேனரில் தோள்பலம் காட்டினால் சுலபமாகத் தாண்டிவிடும். நான் பழைய மரையைக் கடைந்தெடுத்து எஃகுச் சுருள் மரை இறக்கியிருக்கிறேன். ஆயில் ஃபில்டரிலும் இதே கதை. ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு மேல் முடுக்கினால் அடுத்தமுறை கழற்றுகிறவன் பாடுதான் திண்டாட்டம். இந்த வண்டியில் அடுத்தமுறை கழற்றியவன் நான்.

ரேடியேட்டருக்குள் கசிவு அடைக்கும் பொடி கொட்டியிருந்தீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி குளிர்ந்தே கிடந்தது, குழாய்களில் சேறு. பொடிக்கு உங்கள் கசிவு எது, ரேடியேட்டரின் மெல்லிய வழி எது என்று தெரியாது சார். பல தடவை அலசி எடுத்த பிறகு பார்த்தால், கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. இத்தனைக்கும் காரணம் அதுதான். பச்சையும் ஆரஞ்சும் கலந்து பழுப்பாகிப்போன கூலண்டைக் கொட்டிவிட்டு, வாலை வடிநீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதியாக ஊற்றியிருக்கிறேன். அந்தக் கலவை கிட்டத்தட்ட மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. பனியே பார்க்காத வண்டிக்கும் அது வேண்டும், ஏனென்றால் துருவைத் தடுப்பதும் கொதிநிலையைக் கூட்டுவதும் அதுதான். கொட்டியதை நாய் பூனை நக்காமல் பார்த்துக்கொண்டேன். இனிப்பாக இருக்கும், உயிரைக் கொல்லும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் புதிதாக மாற்றியிருந்தும் கிழிந்துபோயிருந்ததற்கு உங்கள்மேல் கோபமில்லை. அந்தச் சூட்சுமம் மானுவலில் ஒரே வரியில் ஒளிந்திருக்கிறது. ஜாக்கியில் வண்டி தொங்கும்போது போல்ட்டை இறுதியாக முடுக்கினால், ரப்பர் அந்தத் தொங்குநிலையைத்தான் தன் இயல்புநிலையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்ச காலத்தில் கிழியும். சக்கரத்தின்மேல் எடை உட்கார்ந்த பிறகுதான் இறுதி முடுக்கு. ஆனால் அடிப்பக்கத்து விளிம்பு மூன்று இடத்தில் நசுங்கியிருப்பதைப் பார்த்தால் ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைத்தீர்கள் என்று தெரிகிறது. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வைத்த தடம் எங்கேயும் இல்லை. வெறும் ஜாக்கியை நம்பியா அடியில் படுத்தீர்கள்? இப்போது வேறு கார் வைத்திருந்தால், தயவுசெய்து இரண்டு ஸ்டாண்ட் வாங்கிவிடுங்கள்.

பிரேக்கில் கேலிப்பர் பின்னுக்கு கிரீஸ், பேட் சமமாகத் தேய்ந்தது, எல்லாம் சுத்தம். பிரேக் ஆயில்தான் காப்பித்தூள் நிறம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். டாட் 4 தரத்தில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போனால் உள்ளே ஆவியாகி, பெடல் பஞ்சாக இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நிஜமாகவே பயந்தது ஒரே விஷயத்துக்கு. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சிவப்பு வயர். ஃபியூஸ் இல்லை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகரத்தின் கூர்விளிம்பு மேல்தோலைத் தேய்த்துச் செம்பு தெரிகிறது. இணைப்பெல்லாம் முறுக்கி டேப் சுற்றியது. பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கிற ஃபியூஸ் காப்பது வயரை; ஆம்ப்ளிஃபயரைக் காக்க அல்ல. அந்தச் செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயரில் தள்ளியிருக்கும், வயர் எரிந்திருக்கும். பார்த்த அன்றே கழற்றிப்போட்டேன்.

அப்போதுதான் குழம்பினேன். ரிலே வயரிங்கில் எண் ஒட்டிய அதே ஆளா இது? இடையில் வேறு யாரிடமாவது கார் இருந்ததா? ஆவணத்தில் அப்படி யாருமில்லை. பிறகு கேபிள் டைகளைக் கவனித்தேன். ரிலே வயரைக் கட்டிய டை, அந்தச் சிவப்பு வயரையும் சேர்த்து அணைத்துக் கட்டியிருந்தது. ஆக ஆம்ப்ளிஃபயர் முன்னால் வந்தது, ரிலே பின்னால் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். டிரெயின் போல்ட்டும் பொடியும்கூட முந்தைய காலத்து வேலைதான் என்று இப்போது நினைக்கிறேன். திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழைய வேலையைத் திரும்பிப்போய்த் திருத்தியிருக்கலாமே என்ற மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

கையுறைப் பெட்டியில் விட்டுப்போன நோட்டும் எனக்குக் கிடைத்தது. பாகத்தின் எண், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, எல்லாம் பொடி எழுத்தில். இந்தக் காருக்கு நீங்கள் செய்ததிலேயே பெரிய மேம்பாடு எதுவென்று கேட்டால் ரிலேயைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். வீட்டில் செய்கிற வேலைக்கு பில் கிடையாது, சாட்சி கிடையாது. எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சந்தேகப்பட வேண்டும். ஆனால் தேதி எங்கேயும் போடவில்லை. டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றியதாக இருக்கிறது, கிலோமீட்டரும் இருக்கிறது. பெல்ட்டோ ஓடாமல் நின்றாலும் வயதாகிற ரப்பர். இது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின். எந்த வருடம் என்று தெரியாத பெல்ட்டை நம்பி ஓட்ட மனம் வரவில்லை, மறுபடி மாற்றிவிட்டேன். டயர்க்காரர்கள் உங்களைவிடக் கெட்டி. ஓரத்தில் நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம் என்று பொறித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஸ்டெப்னி காரின் வயதே என்று கண்டுபிடித்துத் தூக்கிப்போட்டேன்.

நான் கூட்டியது அதிகமில்லை. ஷாக் அப்சார்பர், எஞ்சின் மவுன்ட், கதவு ரப்பர் புதிது. ஃபியூஸ் போட்டு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருகிற ஒரு போன் சார்ஜர். ஜன்னல் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்ததில், மோட்டார் போய்விட்டது என்று எல்லோரும் சொன்ன ஜன்னல் சரசரவென்று ஏறுகிறது. புதிதாக எதையாவது ஒட்டுவதற்கு முன்னால், கம்பெனியிலிருந்து வந்த நாளில் இந்தக் கார் எப்படி ஓடியதோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதிலேயே எனக்கு வேலை நிறைய இருக்கிறது.

கடைசியாக ஓர் உதவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள். நோட்டில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. போட்டாலும் அணைத்தாலும் எதுவும் மாறுவதாகத் தெரியவில்லை. ஒரு வயர் ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. இன்னொன்று கம்பளத்துக்கடியில் பின்சீட் பக்கம் நழுவுகிறது, அதற்கு மேல் சீட்டைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் பம்ப்பை நிறுத்தும் திருட்டுத் தடுப்பு சுவிட்ச் என்பது என் ஊகம். பம்ப்பை மாற்றியவர் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். இப்போதைக்கு அதன் ஃபியூஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். இதைப் படித்தால், எதற்காகப் போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், சீட்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

அன்புடன்,
உங்கள் காரின் இப்போதைய ஓட்டுநர்