கிட் வகுப்பை மோதலிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு ஆய்வு நிறுவனங்களின் முனைவர் பட்டப் பாடக்குழுக்களில் இருக்கும் தமிழரான பேராசிரியர்களுக்கு,

வணக்கம். முதலாண்டு மாணவர்களின் பாடத்திட்டத்தில் கிட்டுக்கு (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) முறையான இடம் வேண்டும். ஒரு பிற்பகலில் ஸ்லைடு காட்டி முடிக்கும் பட்டறை போதவே போதாது. ஒரு வார இடைவெளியில் இரண்டு அரைநாள் ஒதுக்குங்கள். இடைப்பட்ட வாரத்தில் மாணவர்கள் தங்கள் சொந்த ஆய்வு நிரலை கிட்டில் வைத்துப் பழகட்டும்.

கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (பதிந்ததைப் பொது இடத்துக்கு அனுப்புவது) இரண்டையும் யாரும் தனியாகவே கற்றுக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரே வரியில் கைவைக்கும் நாளில்தான் கிட்டைக் கைவிடுகிறார்கள். அதனால் முதல் அரைநாளிலேயே அந்த மோதலை வரவழையுங்கள்.

இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் கிட்ஹப் தளத்தில் ரெப்போ (கிட் கண்காணிக்கும் கோப்புத் தொகுப்பு) தொடங்கி மற்றவரைச் சேர்க்கட்டும். இருவரும் அதைத் தங்கள் கணினிக்கு குளோன் செய்து (நகலெடுத்து), ஒரே கோப்பின் ஒரே வரியை ஆளுக்கொரு விதமாகத் திருத்தி கமிட் செய்யட்டும். முந்தியவரின் புஷ் ஏற்கப்படும், அடுத்தவருடையது நிராகரிக்கப்படும். அவர் புல் செய்தால் (கிட்ஹப்பில் இருப்பதை இழுத்தால்) இப்போதைய கிட், மெர்ஜா (இரண்டையும் இணைப்பதா) ரீபேஸா (மற்றவரின் மாற்றத்தின் மேல் தன்னுடையதை வைப்பதா) என்று கேட்டு நின்றுவிடும். தொடக்கத்துக்கு 'கிட் புல் --நோ-ரீபேஸ்' போதும். கோப்பைத் திறந்தால் ஏழு சிறியது-குறிகள், தன் வரி, ஏழு சமக்குறிகள், கூட்டாளியின் வரி, ஏழு பெரியது-குறிகள். வேண்டிய வரியை வைத்துக்கொண்டு குறிவரிகள் மூன்றையும் அழித்து, ஆட், கமிட், மறுபடி புஷ். பிறகு இடம் மாறிச் செய்ய வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாதவர்கள் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறார்கள். இல்லையென்றால் ஃபோர்ஸ் புஷ், அதாவது நிராகரிப்பை மீறிய புஷ். அது கூட்டாளியின் கமிட்டைக் கிளையிலிருந்தே தூக்கிவிடும்.

வகுப்பு தடுமாறுவது பெரும்பாலும் முதல் புஷ்ஷில்தான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் கணக்கின் பாஸ்வேர்டை கட்டளைவரியில் ஏற்பதில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலான எஸ்எஸ்ஹெச் சாவியை முந்தைய நாளே போட்டுச் சோதித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வளாக நெட்வொர்க் 22-ஆம் போர்ட்டைத் தடுத்தால் 443 வழியாக இணைக்க கிட்ஹப்பிலேயே வழி இருக்கிறது.

இரண்டாவது அரைநாள் முழுக்கத் தரவுக்கு. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. மாணவர் கோப்பை அழித்து இன்னொரு கமிட் போடுவார். அப்போதும் ஏற்காது, பழைய கமிட்டில் அது இருக்கிறதே! இன்னொரு கமிட் போடாமல், கடைசி கமிட்டில்தான் நுழைந்தது என்றால் 'கிட் ஆர்எம் --கேஷ்ட்' கொடுத்து, 'கிட் கமிட் --அமெண்ட்' செய்தால் தீர்ந்தது. அடுத்து அதை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்க்க வேண்டும். ஏபிஐ சாவி (இணையச் சேவைக்கான ரகசியக் குறி) வெளியே போய்விட்டால் கமிட் வரலாற்றைத் துடைப்பது பிறகு. முதலில் சாவியை ரத்து செய்ய வேண்டும். ஜூபிடர் நோட்புக்கில் (நிரலும் அதன் வெளியீடும் சேர்ந்த கோப்பு) ஒரு எழுத்து மாறாவிட்டாலும், ஓட்டினாலே வெளியீடும் செல் எண்களும் மாறி டிஃப் (மாற்றப் பட்டியல்) நிரம்பிவிடும். என்பிஸ்ட்ரிப்அவுட் கருவியை ரெப்போவில் நிறுவினால் வெளியீடு கமிட்டுக்குள் போகாது.

பாடப் பொருளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியின் கிட் பாடம் இலவசம். மாற்றிப் பயன்படுத்தவும் அனுமதி உண்டு. இருபது பேருக்கு, சுற்றி வந்து உதவ மூன்று சீனியர்களாவது வேண்டும். அவர்களில் ஒருவர் தமிழ் பேசுபவராக இருந்தால் பெரிய உதவி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வருபவர்களில் பலர் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கத் தயங்குகிறார்கள். பிழைச் செய்தியை உரக்கப் படித்து, அது என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் தாங்களே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதிப்பெண் தேர்வு வேண்டாம். ஆண்டு மதிப்பீட்டின்போது மாணவரின் ரெப்போவை வேறொருவர் கணினியில் குளோன் செய்து, ரீட்மியை (விளக்கக் கோப்பை) மட்டும் பார்த்து அறிக்கையின் முதல் வரைபடத்தை வரவழைக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாவிட்டால் அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் ஆய்வு மாணவர்களுக்கு கிட் சொல்லிக்கொடுக்கும் தமிழர்கள்