கூரை போட அனுமதி தாருங்கள்: கட்டட அனுமதி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரத்தின் கட்டட அனுமதி அலுவலர் அவர்களுக்கும், அவருக்கு மேலே முடிவெடுக்கும் இடத்தில் உள்ளவர்களுக்கும் வணக்கம்.

நான் கட்டிவரும் மண் வீட்டின் கோப்பு தங்கள் மேசையில் இருக்கிறது. மனு, வரைபடம், பட்டா நகல், ஆவணி முதல் வாரத்தில் வேலையை நிறுத்தச் சொல்லித் தாங்கள் அனுப்பிய நோட்டீஸ், அதற்கு நான் எழுதிய மூன்று பதில்கள், மூன்றிலும் தங்கள் அலுவலகம் குத்திய முத்திரை, எல்லாம் அதற்குள் உள்ளன. ஆகவே நடந்ததை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. என் கடிதங்களுக்கான பதில் மட்டும்தான் அந்தக் கோப்பில் இல்லை. நான்கு முறை நேரில் வந்தும் அது கிடைக்காததால் ஊரறிய எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். நேரில் வந்து சுவரைப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கூரை போட அனுமதி தாருங்கள். தர இயலாது என்றால், எந்த விதியின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்று எழுத்தில் தாருங்கள்.

ஒரு தவறு என் பக்கமும் உண்டு. போன கார்த்திகையில் மனுவைக் கொடுத்தபோது, "ஆணை வந்துவிடும், வேலையைத் தொடங்குங்கள்" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். 34 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த நான், கையில் காகிதம் வராமல் அதை நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன். காரணம், மண் சுவருக்கு ஒரு பருவம் உண்டு. தை பிறந்ததும் தொடங்கினால்தான் ஆடிக்குள் சுவர் முடிந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறும். ஒரு மாதம் தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

நோட்டீசில் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரிதான்: "உறுதித்தன்மையற்ற பொருளால் எழுப்பப்படும் கட்டுமானம்." அந்தப் பொருளைத் தாங்கள் தொட்டுப் பார்த்ததில்லை. எனவே அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

வீடு 620 சதுர அடி. தரைக்கு மேல் இரண்டடிக்குக் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதற்கு மேல் ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், ஒன்பது அடி உயரம். மண்ணை வெளியிலிருந்து ஒரு வண்டிகூட வாங்கவில்லை. எங்கள் புன்செய்க் காட்டிலேயே பண்ணைக்குட்டைக்காகத் தோண்டிய மண் அது. சுவர் வைக்கும் பெரியவர் வந்த முதல் நாள், குழியில் இறங்கி மூன்று ஆழங்களில் மண் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துக் கடித்தார். பல்லில் நறநறத்தால் மணல், நாக்கில் பசைபோல ஒட்டினால் களி. பிறகு ஈரமாக்கி உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். மேல்மண் உருண்டை சிதறிப்போனது. அடிமண் உருண்டை அப்பம்போலத் தட்டையாகிக் கிடந்தது. நடுவில் எடுத்தது மட்டும் நாலைந்து துண்டாக உடைந்து நின்றது. "இது போதும், கொஞ்சம் அடிமண் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். நான் என் பங்குக்கு ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணும் தண்ணீரும் உப்பும் போட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் மணல், வண்டல், களி என்று அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அளந்து பார்த்தேன். பெரியவரின் பல் சொன்னதைத்தான் போத்தலும் சொன்னது.

வரகு வைக்கோலை வெட்டிப் போட்டு, நான்கு நாள் ஊறவைத்து, மிதித்து, புளித்த வாடை வந்த பிறகே மண் சுவருக்கு ஏறும். ஒரு படை ஒன்றரை அடி. ஒரு படை வைத்தால் பன்னிரண்டு, பதினைந்து நாள் காயவேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, அப்போதுதான் அடுத்த படை. ஆறு படைகள். மாசியில் தொடங்கி ஆனியில் முடித்தோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது ஒன்பது அடிக்குக் கால் அங்குலம்கூட விலகவில்லை. கூரையைத் தாங்கும் பனமரச் சட்டங்களான பனங்கைகளும் தயாராக இருந்தன. மொத்தம் 42. பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது விலைக்கு வாங்கியவை. ஒரு பச்சைப் பனையையும் நாங்கள் சாய்க்கவில்லை. பனை மரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்ததை வரவேற்றவன் நான். விதிகளை மதிக்காதவன் என்று என்னைத் தாங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் பனங்கையை ஏற்றுவதற்குக் கயிறு கட்டிய வாரத்தில் தங்கள் நோட்டீஸ் வந்தது. நிறுத்தினோம்.

ஐயா, கூரை இல்லாத மண் சுவரை மழைக்காலத்தில் நிற்கவைப்பது என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியவேண்டும். தார்ப்பாய் ஆறு வாங்கினேன். சுவரின் தலையில் ஓலையைப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, இருபுறமும் கல் கட்டித் தொங்கவிட்டோம். புரட்டாசி மழைக்கு அது தாங்கியது. ஐப்பசி மூன்றாம் வாரம் இரவு இரண்டு மணிக்குக் காற்றோடு மழை பிடித்தது. கொட்டகையில் படுத்திருந்த நாங்கள் ஓடினோம். மேற்குப் பக்கத் தார்ப்பாய் நடுவில் கிழிந்து கொடிபோல அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவிக்கு வயது 61. ஏணியில் ஏறி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையைப் பிடிக்க நான் சுற்றி ஓடுவதற்குள் தண்ணீர் சுவரின் தலை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. முதலில் மேல்படை உப்பியது. பிறகு, நனைந்த மூட்டை சரிவதுபோல, ஆறாவது படை முழுவதும் ஐந்தாவதில் பாதியும் உள்பக்கமாகச் சரிந்தன. பெரிய சத்தம்கூட இல்லை. டார்ச் விளக்கில் பார்த்தால் வரகு வைக்கோல் மட்டும் உடைந்த இடத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

விடிந்ததும் பெரியவர் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இனித் தைக்குத்தான் மறுபடி வைக்க முடியும். எனக்கு 76 வயதாகிறது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மண் சுவர் வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தங்கள் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சுவர் இடிந்து உயிர்கள் போகும் செய்தியை நானும் படிக்கிறேன். என் பள்ளிப் பிள்ளைகள் இருவரின் வீடு அப்படி விழுந்திருக்கிறது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தச் சுவர்கள் ஏன் விழுகின்றன? கல் அடித்தளம் இல்லாமல் தரையிலிருந்தே மண் எழும்பியிருக்கும். ஓடு உடைந்து ஆண்டுக்கணக்கில் ஒழுகியிருக்கும். பூச்சு உதிர்ந்திருக்கும், மாற்றப் பணம் இருந்திருக்காது. அல்லது கூரை போன பிறகு மொட்டைச் சுவர் மட்டும் நின்றிருக்கும். மேலேயும் கீழேயும் நீரைத் தடுத்துவிட்டால் மண் சுவருக்கு ஒன்றும் ஆகாது. இதில் எனக்கு ஆத்திரம் வருவது எந்த இடத்தில் என்றால், விழுந்துவிடும் என்று சொல்லி நிறுத்தினீர்கள், நிறுத்தியதாலேயே விழுந்தது. நின்ற சுவரைத் தங்கள் நோட்டீஸ் இடித்தது. அதைத் தங்கள் ஆய்வுக்குறிப்பில் "சுவர் சரிந்துள்ளது" என்று எழுதிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

விதி என்று பேசுவதானால் அதற்கும் நான் தயார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13827, நிலநடுக்க ஆபத்துள்ள பகுதிகளில் மண் கட்டடங்களை எப்படி எழுப்புவது என்பதற்கென்றே 1993-ல் வெளியான வழிகாட்டுதல். மண்ணில் கட்டாதே என்று அது சொல்லவில்லை, எப்படிக் கட்டு என்று சொல்கிறது. குறுக்குச் சுவர்களுக்கு இடையிலான நீளம் சுவர்க் கனத்தின் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. என் சுவர்க் கனத்துக்கு அது 15 அடி, என் வீட்டில் அப்படி மிக நீண்ட இடைவெளி 14 அடி. வாசல், சன்னல் திறப்புகள் 1.2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம் என்கிறது. என் தலைவாசல் மூன்றரை அடி. சிமென்ட்டோ சுண்ணாம்போ கொஞ்சம் கலந்து நிலைப்படுத்திய மண்கற்களுக்கு ஐ.எஸ். 1725 என்ற தனித் தரமே இருக்கிறது, 2013-ல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த முறையைப் பல நாட்டவருக்கும் கற்றுத்தரும் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் நம் விழுப்புரம் பக்கத்திலேயே இயங்குகிறது. ஏமனின் ஷிபாம் நகரில் சுடாத பச்சை மண்கல்லால் எழுப்பிய ஏழு மாடி வீடுகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். இவை எல்லாவற்றையும் என் இரண்டாவது கடிதத்தோடு இணைத்திருந்தேன். "ஒன்பது கான்கிரீட் தூண் போட்டுவிட்டு இடையில் மண்ணை வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் நேரில் எனக்குக் கிடைத்த பதில். சுமை தாங்கும் சுவருக்குத் தூண் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பொறியாளர் சான்று கேட்டீர்கள். டவுனில் மூவரிடம் போனேன். மண்ணைப் பற்றிப் படிக்கவில்லை, கையெழுத்துப் போட முடியாது என்று மூவரும் நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். நான்காமவர் நேரில் வந்து, அளந்து, கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டார். அந்தச் சான்றும் தங்கள் கோப்பில் 41-ஆம் பக்கமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு ஆட்சேபங்கள். மனுவில் மின் இணைப்புக்கான இடம் காலியாக இருக்கிறது என்கிறீர்கள். எங்களுக்கு மின்கம்பம் வேண்டாம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும், எங்கள் இருவருக்கும் அது தாராளம். கழிவுநீர்த் தொட்டி வரைபடத்தில் இல்லை என்கிறீர்கள். தண்ணீர் ஊற்றாமல் கழிவைக் காயவைத்து எருவாக்கும் உலர் கழிப்பறையின் வரைபடம் இருக்கிறது. முசிறியில் அத்தகைய பொதுக் கழிப்பறையையே ஊரார் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தினார்கள், தயவுசெய்து விசாரியுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு மட்டும் தங்கள் பட்டியலில் இருப்பதுபோலவே என் வரைபடத்திலும் இருக்கிறது. 2003-ல் அரசு அதைக் கட்டாயமாக்கியபோது, பள்ளிக்கூடக் கூரைக்கு நானே குழாய் பிடித்தவன். நான் போடவிருக்கும் ஓட்டுக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது சிதறியது போக 40,000 லிட்டர் தேறும். நாளுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் ஒரு வருடத்துக்குப் போதும். ஆனால் அதைப் பிடிப்பதற்குக் கூரை வேண்டுமே.

மண் என்றாலே ஏழ்மை என்று அரசின் ஏடுகள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டன. 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், மண் சுவர் போன்ற கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட ஓர் அறை வீடு என்பது வறுமையின் அடையாளங்களில் முதலாவது. ஏழைக்கு நல்ல வீடு கட்டித்தருவதற்காக வைத்த அளவுகோல் அது, அந்த நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே அளவுகோல், தெரிந்து, விரும்பி, அளந்து கட்டும் ஒருவனின் சுவரையும் குப்பையோடு சேர்த்துவிடுகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஏழெட்டு விழுக்காடு சிமென்ட் ஆலைகளிலிருந்து வருகிறது. ஆறுகளில் மணல் தீர்ந்து மலையை உடைத்து மணலாக்குகிறோம். சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே கைக்குழந்தையை ஈரத்துணியால் சுற்றி வைத்திருக்கும் தாய்மார்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அந்த வீடுகளைப் பற்றி எந்த அலுவலகமும் கேள்வி கேட்பதில்லை. 1862-ல் அமெரிக்கா, அங்கிருந்த பழங்குடியினரின் நிலத்தை 160 ஏக்கர் வீதம் குடியேறிகளுக்குப் பிரித்துக்கொடுத்த அநியாயமான சட்டத்தின் கீழ்க்கூட, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டியதை வீடு என்று ஏற்றுக்கொண்டார்கள். என் தாத்தா பிறந்ததும் நான் பிறந்ததும் மண் வீட்டில். அதே மண்ணில் நான் வீடு கட்டினால் அது வீடில்லை என்று எனக்கு நோட்டீஸ் வருகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கும் மேலிடத்துப் பொறுப்பு இருக்கிறது, கையெழுத்திட்டபின் ஏதாவது நடந்தால் தங்களைத்தான் கேட்பார்கள் என்பதை அறிவேன். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. வாருங்கள், பாருங்கள் என்கிறேன். ஆணி எடுத்து வாருங்கள், சுவரில் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பொறியியல் கல்லூரிக்கு மண்ணை அனுப்புங்கள், சோதனைச் செலவை நான் கட்டுகிறேன். தேவையென்றால் நிபந்தனைகள் விதியுங்கள், ஒவ்வொன்றையும் நிறைவேற்றுகிறேன்.

ஆனால் கூரைக்கு அனுமதி தாருங்கள். கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது. மேற்குச் சுவர் போக மற்ற மூன்றும் ஆறு படையோடு முழுதாக நிற்கின்றன. அவற்றின் மேல் தற்காலிகமாகத் தகரம் போடவாவது இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுதித் தாருங்கள். மேற்குச் சுவரைத் தையில் மறுபடி எழுப்பிக்கொள்கிறோம், பெரியவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து கண்மாய்க்கரை வழியாக வந்தால் இரண்டாவது புளியமரத்துக்கு எதிரே எங்கள் காடு. எந்த நாள், எந்த நேரம் வந்தாலும் நானோ என் மனைவியோ அங்கே இருப்போம். தார்ப்பாயைப் பிடிக்க ஆள் வேண்டியிருப்பதால் இப்போதெல்லாம் இரவிலும் அங்கேதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்