மாதாமாதம் வரும் தலைவலி

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதவிலக்கை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலிக்கு எங்கள் பாலக்கோடு பக்கம் நெற்றியில் சுக்குப் பற்று போடுவார்கள். கேட்காவிட்டால் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மாத்திரை. தக்காளித் தோட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகும் பெண்கள், தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலையை முடிக்கிறார்கள்.

விலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குவதே இந்த வலியைக் கிளப்புகிறது. இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாளுக்குள் வந்துவிடும். காலண்டரில் குறித்து வைத்தாலே பாதி பிடிபடும். பட்டினியும் தூக்கக்குறைவும் தூண்டிவிடும் என்பதால், அந்த நாட்களிலாவது ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பலாம். மக்னீசியம் சிலருக்குப் பலன் தருகிறது. கேழ்வரகில் அது உண்டு என்றாலும், மருந்தாக எடுக்கும் அளவு கூழில் கிடைக்காது. டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். இஞ்சி குமட்டலுக்குக் கேட்கும். பற்று இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் மாதக்கணக்கில் விழுங்கினால், அதுவே தலைவலியாகிவிடும். வலிக்கு முன் கண்ணில் வெளிச்சக் கோடுகள் நெளிகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மறைக்கக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும்.

2021 ஆகஸ்ட்டில் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அப்படியே பெண்களிடம் தலைவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாமே?

– ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்