ஒயிட்போர்டை வெறுமையாகத் திறக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை, திருமங்கலம், மேலூர் வீடுகளில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு குழுக்களோடு வேலை பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். மீரோ, ஃபிக்ஜாம், எக்ஸ்காலிட்ரா போன்ற, பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஆன்லைன் ஒயிட்போர்டுகளை அவர்கள் தினமும் திறக்கிறார்கள். ஆனால் பல கூட்டங்களில் ஒருவர் மட்டும் எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதற்கு ஸ்கிரீன் ஷேரே போதும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. காலிப் பலகையைத் திறந்துவைத்துவிட்டு "எல்லாரும் எழுதுங்க" என்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

நடத்துகிறவர் முந்தின நாளே பலகையைத் தயார் செய்துவிட வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு ஃப்ரேம், அதாவது பலகையில் தனியாகப் பிரித்த ஒரு கட்டம். "சிக்கல்கள்" என்று மொட்டையாகத் தலைப்பு வைக்காமல், "போன வாரம் டெலிவரி ஏன் தாமதமானது?" என்று முழுக் கேள்வியாக எழுதுங்கள். ஆளுக்கு 3 ஸ்டிக்கி நோட்டை (எழுதி ஒட்டும் சிறு சீட்டை) பெயர் போட்டு முன்பே வைத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்தவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தடுமாற மாட்டார். கூட்டம் தொடங்கியதும் டைமரில் 5 நிமிடம் வைத்து, எல்லோரும் பேசாமல் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சீனியர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் எழுதுவார்கள். பிறகு ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஓட்டுப் போட்டு, கடைசி ஃப்ரேமில் யார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று எழுதுங்கள்.

தயார் செய்த ஃப்ரேம்களை நகராதபடி லாக் செய்வது கட்டாயம். மொபைலில் திரையை நகர்த்த நினைத்து விரலை இழுக்கும்போது ஃப்ரேம் மாட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நோட்டுகளும் சேர்ந்தே நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருப்பவருக்குத் தன் நோட் எங்கே போனது என்றே தெரியாது.

பலகை திணறுவதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். எழுத்துக்கும் கோட்டுக்கும் மிகக் குறைந்த டேட்டாவே போதும். மொபைலில் எடுத்த போட்டோவோ சில எம்பி இருக்கும், அது ஒவ்வொருவர் கருவியிலும் தனித்தனியாக இறங்க வேண்டும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒட்டினாலே போதும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. மீரோ நோட்டில் எழுத்து கூடக் கூட எழுத்தின் அளவு தானாகவே சுருங்கும். நம் சொற்கள் நீளமானவை என்பதால் சீக்கிரமே வாசிக்க முடியாமல் போகிறது. ஒரு நோட்டுக்கு ஏழெட்டுச் சொல்லோடு நிறுத்துவது நல்லது.

கரண்ட் போய் வைஃபை நின்றால் ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், டேபை மூடாதீர்கள். கடைசியாக எழுதியது சர்வருக்குப் போகாமலே அழிந்துவிடலாம். மொபைல் டேட்டாவுக்கு மாறி, இணைப்பு திரும்பும்வரை காத்திருங்கள்.

கூட்டம் முடிந்ததும் லிங்கைப் "பார்க்க மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்ட லிங்க், வேலையை விட்டுப் போனவரிடமும் இருக்கும். பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்துவையுங்கள். மீரோ இலவசக் கணக்கில் 3 பலகைகளைத்தான் திருத்த முடியும் என்பதால் பழையதை அழித்து எழுதும் வழக்கம் இருக்கிறது. கூகுளின் ஒயிட்போர்டு செயலியான ஜாம்போர்டு 2024 அக்டோபர் 1 முதல் பார்க்க மட்டும் என்றாகி, ஆண்டின் கடைசி நாளோடு மூடப்பட்டதையும் மறக்கக் கூடாது.

மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள், இறுதியாண்டு புராஜெக்ட் ரிவியூவில் ஒன்றையாவது இப்படி நடத்திப் பழக்கலாம். கருவியை இயக்க மாணவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள். பத்துப் பேரை எழுதவைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை, முடிந்தால் இரண்டு நாள் முன்பே, பகுதிவாரியாக வெளியிடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கூட்ட நேரத்தை மாற்றிக்கொள்ள அது பெரிய உதவி.

இப்படிக்கு,
திட்ட ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்,
மதுரை.