பிளம்ஸ் கொட்டையை அரைக்கும் முன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழ விதைகளிலிருந்து கிடைக்கும் பெப்டைடுகள் (சின்னப் புரதத் துண்டுகள்) ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை என் அண்ணியும் படித்திருக்கிறார். அன்று மாலையே போன் வந்தது. "தம்பி, பிளம்ஸ் கொட்டையை உடைச்சுப் பருப்பெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். பிரஷருக்கு நல்லதாமே, மிக்ஸியில அரைச்சுக் குடிக்கவா?" வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புரத ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் கட்டுரை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. அந்தப் பெப்டைடுகள் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 2 முதல் 20 வரை சேர்ந்த சின்னத் துண்டுகள் அவை. பெரிய புரதச் சங்கிலியின் நடுவே கோத்துக் கிடக்கும். அங்கே இருக்கிறவரை அவற்றால் ஒரு வேலையும் நடக்காது. நொதி வந்து சரியான இடத்தில் வெட்டி விட வேண்டும். நொதி மாறினால், வெப்பமோ நேரமோ மாறினால், கிடைக்கும் துண்டும் மாறிவிடும்.

ஆய்வகத்தில் கொட்டையை உடைத்து, பருப்பைப் பொடித்து, எண்ணெயை நீக்கிவிட்டு, காரக் கரைசலில் புரதத்தைக் கரைத்து எடுப்போம். அப்புறம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அதுவரை தெளிவாக இருந்த நீர் ஒரு கட்டத்தில் பால் திரிந்த மாதிரி திரண்டு அடியில் படியும். அந்த வண்டலைத்தான் நொதியோடு மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைப்பது. மிக்ஸி செய்கிற வேலை இல்லை இது.

பலன் என்ன என்று கேட்டால், ஆர்வம் கொள்ள நிறையவே இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் 1 என்ற 10 அமினோ அமிலச் சங்கிலியில் இரண்டை நறுக்கி, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றும் நொதி ஒன்று நம் உடம்பில் உண்டு. பிளம்ஸ், செர்ரி விதைப் புரதத்திலிருந்து வெட்டியெடுத்த பெப்டைடுகள் அந்த நொதியைத் தடுப்பதை ஸ்பெயினின் அல்கலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரி முடிவுகளில் பெரும்பாலானவை சோதனைக் குழாயில் கிடைத்தவை. வாய் வழியாகப் போனால் கதையே வேறு. செரிமான நொதிகளான பெப்சினும் டிரிப்சினும் அந்தத் துண்டையும் வெட்டப் பார்க்கும். குடல் சுவர் சுலபமாக உள்ளே விடுவது இரண்டு, மூன்று அமினோ அமிலத் துண்டுகளைத்தான். இன்சுலினை ஊசியாகப் போடுவதற்கும் இந்தச் செரிமானம்தான் முக்கியக் காரணம்.

பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தில் கிடைத்த பெப்டைடும் இதே நொதியைத் தடுத்தது. அதை வாயால் சாப்பிட முடியவில்லை. அதன் அமைப்பைப் பார்த்துப் புதிதாக ஒரு மூலக்கூறை வடிவமைத்த பிறகுதான் கேப்டோப்ரில் என்ற பிரஷர் மாத்திரை வந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விதைப் பெப்டைடுகளுக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நானும் நம்புகிறேன். பழச்சாறு ஆலைகள் கழிக்கும் கொட்டைக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான் வரும்.

இப்போது அண்ணி எடுத்து வைத்த பருப்புக்கு வருகிறேன். பிளம்ஸ், பீச், செர்ரி, ஆப்ரிகாட் ஆகியவற்றின் கொட்டைப் பருப்பில் அமிக்டலின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே பருப்பில்தான், தனியே ஒதுங்கி இருக்கிறது. அரைத்தால் இரண்டும் கலந்து சயனைடு என்ற கொடிய விஷம் வெளியாகும். பொடிக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் கசப்பு பாதாம் வாசனையை நான் இன்னும் மறக்கவில்லை. சிறிய ஆப்ரிகாட் பருப்பு மூன்றுக்கு மேல் பச்சையாகச் சாப்பிட்டாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அளவு தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம்.

பூசணி, தர்பூசணி விதைகளில் இந்தப் பயம் இல்லை. நல்ல புரத உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். அதற்காக பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

இனி இப்படிப்பட்ட கட்டுரை வரும்போது, ஆய்வு நடந்தது சோதனைக் குழாயிலா, விலங்கிடமா, மனிதரிடமா என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த இதழிலேயே கொட்டைப் பருப்பு எச்சரிக்கையைப் பெட்டிச் செய்தியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணி மாதிரி இன்னும் எத்தனை பேர் பருப்பை எடுத்து வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்