கேமரா திருப்பணி நிறைவு அறிக்கை (சண்டை, கணக்கு, பேவர் பிளாக் உட்பட)

ஃப்ளாட் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். திருப்பணின்னு தலைப்பு வெச்சதுக்கு சிரிக்காதீங்க, நம்ம எட்டு சிசிடிவி கேமராவுக்கு ஒழுங்கா கரண்ட் குடுக்க நாலு மீட்டிங், ரெண்டு சண்டை, ஒரு தண்ணி பைப்பு உடைசல்னு ஆயிடுச்சு, இதுக்கு கும்பாபிஷேகமே நடத்தி முடிச்சிருக்கலாம். லிஃப்ட்ல பாத்தா, மாடில துணி காயப்போடப் போனா, எங்க போனாலும் ஒரே கேள்வி, "30,000 தானே சொன்னீங்க, 45,860 எப்படி ஆச்சு?" அதுக்குத்தான் இத எழுதறேன். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க, பாதில நிறுத்திட்டு குரூப்ல கேள்வி கேக்காதீங்க.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி ஏ-4 பையனோட கியர் சைக்கிள் போச்சுல்ல, அதுல ஆரம்பிச்சது. மறுநாள் டிவிஆர்ல (கேமரா படத்த பதிவு பண்ற பெட்டி) பாத்தா கேட் கேமரா சாயங்காலம் ஆறேகாலுக்கு கண்ண மூடி காலைல ஆறு மணிக்குத்தான் திறக்குது. முந்தின நாள் பாத்தா அதே கதை, அதுக்கு முந்தின வாரமும் அதே கதை. பகல்ல நாம பாக்கறப்போ எல்லாம் படம் பளிச்சுனு தெரிஞ்சதால ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. செக்ரட்டரியா நான் ஒரு தடவையாவது ராத்திரி ரெக்கார்டிங்க பாத்திருக்கணும், பாக்கல, அது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

மொதல்ல கேமரா போட்ட காண்ட்ராக்டரயே கூப்பிட்டோம். அவர் வந்தார், கீழ நின்னு அண்ணாந்து பாத்தார், ஏணி கூட கேக்கல, "கேமரா எல்லாம் போயிடுச்சு சார், எட்டையும் மாத்திடுங்க, 62,000 ஆகும்"னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு போயிட்டார். கமிட்டிலயே ரெண்டு பேர் குடுத்துடலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். செத்துப்போன கேமரா தினமும் காலைல ஆறு மணிக்கு எப்படி சார் உயிரோட எழுந்து வரும்? இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லாம நம்ம காச எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல. இதத்தான் சி-1 சார் "செக்ரட்டரி வீம்பு"ன்னு சொல்லிட்டு திரியறார், சொல்லிக்கட்டும்.

அப்புறம் நம்ம மோட்டார் பாக்கற எலக்ட்ரீஷியன் தம்பிய கூப்பிட்டேன். (எனக்கு சொந்தமான்னு கேட்டவங்களுக்கு: இல்ல.) அவன் மீட்டரோட வந்து டிவிஆர் கிட்ட இருக்கற எஸ்எம்பிஎஸ்ல (230 வோல்ட்ட கேமராவுக்கு வேண்டிய 12 வோல்ட்டா மாத்தற பெட்டி) வெச்சான், 12.1 வோல்ட். கேட் கேமரா முனைல பகல்ல 11.1. சரியாத்தானே இருக்குன்னேன், ராத்திரி வரேன் அங்கிள்னு போனவன் ஏழு மணிக்கு வந்து அதே முனைல வெச்சு காமிச்சான், 9.3. இருட்டினா கேமராவுக்குள்ள இருக்கற ஐஆர் லைட் (இருட்டுல படம் தெரியறதுக்கான லைட்) எரியும், பகல விட ரெண்டு மூணு மடங்கு கரண்ட் இழுக்கும், 60 மீட்டர் மெல்லிசு வயர்ல அவ்வளவும் போறப்போ வோல்டேஜ் வழியிலயே கரைஞ்சிடுது. கேமரா ஆன் ஆகும், ஐஆர் எரியும், வோல்டேஜ் விழும், ஆஃப் ஆகும், மறுபடி ஆன் ஆகும், ராத்திரி பூரா இதே வேல. கேட்டுக்குக் கீழ நின்னு பாத்தா அந்த சிவப்பு புள்ளிங்க மின்மினி மாதிரி மினுக்கிட்டு இருந்துச்சு, வாட்ச்மேன் அண்ணன் "அது அப்படித்தான் சார் எரியும்னு நினைச்சேன்"னார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

இதுக்கப்புறம்தான் தம்பி பிளேடால அந்த வயர ஒரு சுரண்டு சுரண்டினான். மேல செம்பு கலர், உள்ள வெள்ளை. அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம். செம்பு கடத்தறதுல மூணுல ரெண்டு பங்குதான் இது கடத்தும், முடிச்சு போட்ட இடத்துல நாளாக நாளாக பூத்துப்போய் இன்னும் மோசமாகும். அந்த ரெண்டு இஞ்ச் துண்டு இன்னும் என் மேஜை டிராயர்ல இருக்கு, சந்தேகம் இருக்கறவங்க வந்து தொட்டுப் பாக்கலாம்.

காண்ட்ராக்டருக்கு போன் போட்டா "எல்லாரும் இதான் சார் போடறாங்க"ன்னார். கொட்டேஷன்ல காப்பர்னு இருக்கேன்னேன், கட் பண்ணிட்டார். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கிங்ல நின்னு அவர் போட்ட சத்தம் மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு, அதத்தான் பாதி பேர் "செக்ரட்டரி ஆள அவமானப்படுத்திட்டார்"னு பேசறீங்க. நான் குரல ஒசத்தல, வயர் துண்டத்தான் கைல குடுத்தேன். கடைசில கேபிள் ஃப்ரீயா தரேன், கூலி 18,000 குடுங்கன்னு இறங்கி வந்தார். அந்த கேபிள்ல என்ன இருக்கும்னு யாருக்கு தெரியும், வேணாம்னுட்டோம். அவர் மேல ஏன் கேஸ் போடலன்னு பி-3 சார் மூணு தடவ கேட்டாச்சு. கொட்டேஷன்லதான் காப்பர்னு இருக்கு, பில்லுல வெறும் "கேமரா கேபிள் 2 ரோல்"னு இருக்கு, வாரண்டி ஒரு வருஷம், வேல நடந்து மூணு வருஷம் ஆச்சு. அந்த பில்லுல கையெழுத்து போட்டது யாருன்னு நான் சொல்லல, கேக்கறவருக்கே தெரியும்.

அடுத்த சண்டை பேவர் பிளாக், அதான் தரைல பதிச்சிருக்கற சிமெண்ட் கல். கேட் பக்கம் மூணு கேமரா. நல்ல செம்புல ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்தாலும் மூணுக்கும் சேத்து 12 வோல்ட்ட அவ்வளவு தூரம் அனுப்பினா ரெண்டு வோல்ட்டுக்கு மேல போயிடும். அதனால 230 வோல்ட்டயே கேட் வரைக்கும் கொண்டுபோய் அங்க ஒரு சின்ன எஸ்எம்பிஎஸ் வெக்கறதுன்னு முடிவு பண்ணோம். செக்யூரிட்டி ரூம்லதான் பிளக் பாயிண்ட் இருக்கே, எதுக்கு புது லைன்னு கேட்டாங்க. அந்த பிளக் இன்வெர்ட்டர்ல இல்லங்க. ஈபி கரண்ட் போற ராத்திரிலதான் கேமரா வேணும், அப்போ கேட் இருட்டு, கேமராவும் இருட்டுன்னா எதுக்கு இத்தன பாடு? மீட்டர் ரூம் இன்வெர்ட்டர்ல இருந்து தனி எம்சிபி (கோளாறு வந்தா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) போட்டுத்தான் இழுக்கணும். பழைய பைப்புல இன்டர்காமும் கேமரா கேபிளும் நெருக்கி கெடக்கு, அதோட 230 வோல்ட்ட சேத்து விட மாட்டேன்னு தம்பி ஒத்தக்கால்ல நின்னான், அவன் சொன்னது சரிதான், நாளைக்கு எங்கயாவது தோல் உரிஞ்சா இன்டர்காம எடுக்கறவங்க கதி என்ன? ஆகவே பேவர் பிளாக்க எடுத்துட்டு தோண்டினோம். தோண்டறப்போ தண்ணி பைப்பு உடைஞ்சது, ஞாயித்துக்கிழமை குளிக்கற நேரத்துல ரெண்டு மணி நேரம் தண்ணி இல்ல, அதுக்கு மன்னிப்பு குரூப்லயே கேட்டாச்சு, மறுபடி கேக்க முடியாது.

மத்ததெல்லாம் சுருக்கமா. லிஃப்ட் கேமரால படத்துக்கு மேல கோடு ஓடினது கேபிளோட ஷீல்டு (உள்வயர சுத்தி இருக்கற கம்பி வலை) லிஃப்ட் ஃப்ரேம்ல பட்டதால, தனியா பிரிச்சு விட்டதும் நின்னுச்சு. எஸ்எம்பிஎஸ்க்கு எர்த்தே குடுக்காம விட்டிருந்தாங்க, குடுத்தாச்சு. இன்சுலேஷன் டேப் சுத்தி வெளில தொங்கின ஜாயிண்ட் எல்லாம் டப்பாக்குள்ள போயிடுச்சு, ஒண்ணுல பல்லி குடும்பமே இருந்துச்சு. இன்வெர்ட்டர் பின்னாடி இருக்கற சுவிட்ச யூபிஎஸ் பக்கம் தள்ளினதுல கரண்ட் போறப்போ டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகறது நின்னுச்சு, செலவு பூஜ்யம், மூணு வருஷமா யாரும் தள்ளல. எட்டு கேமரால ஒண்ணு கூட மாத்தல.

கணக்கு. வயர், பைப்பு, எம்சிபி 9,850. கேட்டுக்கும் மீட்டர் ரூமுக்கும் எஸ்எம்பிஎஸ் ரெண்டு, பெட்டியோட 4,200. அசல் செம்பு கேமரா கேபிள் 7,600. எலக்ட்ரீஷியன் கூலி 6,500. பிஎன்சி (கேபிள் முனைல மாட்டற கனெக்டர்), பின், சர்ஜ் ப்ரொடக்டர் (திடீர்னு ஏறற வோல்டேஜ தடுக்கறது), டப்பா 2,260. இதுவரைக்கும் 30,410, நாம போட்ட எஸ்டிமேட்டுக்கு மேல வெறும் 410, அதுவும் மொதல்ல வாங்கின பிஎன்சி சைஸ் சேராம மறுபடி வாங்கினதால. பேவர் பிளாக் எடுத்து திரும்ப பதிச்சது 8,400. தண்ணி பைப்பு 1,150. ஹார்ட் டிஸ்க் டக் டக்குனு அடிச்சுக்கிட்டு நடுநடுவுல நாள் கணக்கா ரெக்கார்டிங் காணல, புதுசு 5,900. மொத்தம் 45,860.

சங்க நிதில இருந்து மீட்டிங்ல ஒத்துக்கிட்ட 30,000 மட்டும்தான் எடுத்தோம், அதுக்கு மேல ஒரு பைசா கூட எடுக்கல. மீதி 15,860 உபயம். பேர் போட வேணாம்னு சிலர் சொன்னதால எல்லாருக்கும் வீட்டு நம்பர் மட்டும். ஏ-4 5,000 (சைக்கிள் போனதும் அவங்கதான், மொதல்ல குடுத்ததும் அவங்கதான்). சி-2 டாக்டர் அம்மா 3,000. பி-1 2,500. பி-6 தாத்தா 2,000, பென்ஷன் வந்த அன்னிக்கே கவர்ல போட்டு படியேறி வந்து குடுத்தார். சி-5 பேச்சிலர் பசங்க 1,500, வாடகைக்கு இருக்கறவங்க, குடுக்கணும்னு அவசியமே இல்ல. ஏ-2 1,001. கீழ டெய்லர் அக்கா 500. பேர் சொல்லாம என் வீட்டு கதவு இடுக்குல செருகிட்டு போனவர் 251. வாட்ச்மேன் அண்ணன் 100, வேணாம்னு ரெண்டு தடவ திருப்பிக் குடுத்தோம், "நான் ராத்திரி பூரா அதுக்கு கீழதானே சார் உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டார். கூட்டினா 15,852 வரும். அந்த 8 ரூபா என்னுது, அதுக்கு ரசீது வேணாம்.

ஜாஸ்தி கேள்வி கேட்ட மூணு வீட்டு நம்பரும் மேல இருக்கற லிஸ்ட்ல இல்லங்கறத சும்மா சொல்லி வெக்கறேன்.

பில் எல்லாம் ஃபைல்ல இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல வாங்க, கேட் கேமராவையும் அப்படியே பாத்துட்டு போலாம், நேத்து அந்த முனைல 11.9 இருந்துச்சு. மிச்ச கேபிள் 12 மீட்டர் மீட்டர் ரூம்ல சுத்தி வெச்சிருக்கு. பேவர் பிளாக் நாலு மோட்டார் ரூம் வாசல்ல இருக்கு, துளசி தொட்டிக்கு முட்டு குடுக்க யாரோ ஒண்ண எடுத்துட்டு போயிட்டீங்க, எந்த வீடுன்னு ரெக்கார்டிங்ல தெளிவா இருக்கு, திரும்ப வெச்சிடுங்க.